ஊமைப்பெட்டி

நுரை காதுக்குள் போகிறது. சொன்னாலும் கேட்கமாட்டான். பக்கிரிக்குக் கை ஓடும்போது வாயும் கூட ஓடவேண்டும், இல்லாவிட்டால் கத்தி நகராது. "ரேடியோவில மொகமா தெரியப்போவுது, எதுக்குய்யா இன்னிக்கி விசேஷச் சவரம்?" என்கிறான். நானா கூப்பிட்டேன்? என் வீட்டுக்காரி செங்கமலம் நேற்றே ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறாள். உள்ளே சொஜ்ஜி கிண்டுகிறாள். நெய் வாசனை கூடம் முழுக்க. விடிந்ததும் பட்டுப்புடவை. ரேடியோவில் புடவை தெரியாதடி என்றேன். "தெரியாட்டிப் போவுது, கட்டியிருக்கறது எனக்குத் தெரியுமில்ல" என்றாள். சம்பந்தி வீட்டுக்குப் போகிறவள் மாதிரி ஒரு நடை. பார்க்கச் சகிக்கவில்லை. ரேடியோ நிலையத்து மீசைக்காரன் ஜெயசீலன் இன்னும் கொஞ்ச நேரத்தில் டேப் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். போன வாரமே வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, இந்தக் கரையில கம்பியில்லாத் தந்திக்கு மொதல்ல கருவி செஞ்சவர் நீங்க. துரை முன்னாடி அது ஏன் பேசல? அதை மட்டும் உங்க வாயால சொல்லுங்க, போதும்." அதை மட்டுமாம். அந்த ஒரு வார்த்தையை விழுங்கி விழுங்கித்தான் நாற்பது வருஷமாகச் சோறு தின்கிறேன். இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று உண்மை, சொன்னால் செங்கமலம் செத்தாள். இன்னொன்று பொய், சொன்னால் நான் செத்தேன். நான் எப்படியும் போகப்போகிறவன். மாசி தாண்டாது என்று டாக்டர் சொல்லவில்லை, சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆகவே எது சுலபம் என்று கேட்கவேண்டியதில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். "தலைய ஆட்டாதீங்கய்யா" என்கிறான் பக்கிரி. நான் எங்கே ஆட்டினேன்.

கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிறான். சரக், சரக். தந்தி ஆபீசில் இப்படித்தான் ஒரு சத்தம் நாள் முழுக்க. அது பித்தளை நாக்கு, இது தோல், ஆனால் காது ஒன்றுதானே, எதைக் கேட்டாலும் எழுத்தாக மாற்றப் பார்க்கும். மழை ஓட்டில் விழுந்தால் எழுத்து. வண்டி மாட்டின் லாடம் எழுத்து. பைத்தியம் என்று ஹெட் குமாஸ்தா சொன்னார். இருக்கட்டும். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகக் கொடிமரம் தெரியும். அதில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். கரையில் நிற்கிறவன் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வான். ஏற்கெனவே கடலுக்குள் போனவனுக்கு யார் ஏற்றுவார் கூண்டு? முந்தாநாள் பாய் விரித்து யாழ்ப்பாணத்துக்கு ஓடு ஏற்றிப்போன தோணிக்காரன் எந்த மரத்தைப் பார்ப்பான்? தந்தி என் கைவழியாக வருகிறது, 'தென்கிழக்கே காற்றழுத்தம்' என்று. நான் எழுதிக் கொடுக்கிறேன். தோணி ஜன்னல் வழியே சின்னதாகி மறைகிறது. கம்பி அதுவரை போகாது. கம்பி இல்லாமல் போகும் என்று பெரிய கப்பல்காரன் காட்டிவிட்டான், பினாங்குக்குப் போகிற நீராவிக் கப்பலில் பொறி பறக்கிற மெஷின் வைத்திருந்தான். அது அனுப்புவதைக் காதில் வாங்குவதற்கு வேண்டியது பெரிய மெஷின் இல்லை. ஒரு காரீயக் கல், அதன்மேல் ஒரு ஊசி. கல்லின் எந்த இடத்திலோ ஒரு புள்ளியில் ஊசி நின்றால் காதில் சத்தம் வரும். ஆனால் அலை தோணியை ஆட்டும், ஊசி நழுவும், சத்தம் போய்விடும். உலகத்தில் எல்லாரும் மேஜைமேல் வைத்துக் கேட்டார்கள். ஆடுகிற இடத்தில் கேட்க யாருக்கு அவசரம்? எனக்கு. மூன்று ஊசி. மூன்று பக்கத்திலிருந்தும் மெல்லிய சுருளால் அழுத்திப் பிடிக்கிற மூன்று ஊசி. ஒன்று நழுவினால் இன்னொன்று. அவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு. பெரிய விஷயமா என்றால் இல்லை. ஆடினால் நழுவாது, அதுதான் விஷயம். நகை வேலை செய்கிற ரத்தின பத்தரிடம் படம் போட்டுக் கொடுத்தேன். பத்தருக்குத் தெரிந்தது சிமிழ் வேலை. சிமிழாகவே செய்துவிட்டார். அடியில் கல், திருகுமூடியின் உள்பக்கத்தில் ஊசிகள். குங்குமச் சிமிழேதான், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாலும். "நகாசு வேணாமா பிள்ளைவாள்?" என்று மூடிமேல் ஒரு தாமரை வேறு வெட்டியிருந்தார். சிரித்தேன். அன்றைக்குச் சிரித்தேன். சிமிழைக் கம்பிச்சுருளோடு ஒரு மரப்பெட்டிக்குள் பொருத்தினேன்.

"எங்கப்பன் சொல்லுவாரு, இந்தத் தெருவுல ஊமைப்பெட்டிப் பிள்ளை வூடு எதுன்னு கேட்டா குருடன்கூட காட்டுவான்னு" என்று பக்கிரி இழுத்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொள்கிறான். கத்தி கன்னத்தில் இருக்கிறது, திட்டமுடியாது. "கோவிச்சுக்காதீங்க, ஊரு வச்ச பேரு, நானா வச்சேன்." ஊர் வைத்ததுதான். சந்தையில் கத்தரிக்காய்க்காரி வரை அந்தப் பேர்தான். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொண்டதில்லை என்றால் போட்டுக்கொண்டேன், பதில் சொன்னதில்லை. சொன்னவள் அவள்தான். குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, "பெட்டி ஊமையில்லடி, துரை செவிடு! போய்ச் சொல்லு உன் புருஷங்கிட்ட!" என்று கத்தியது ஆபீஸ் வரை கேட்டது. சிப்பந்திகள் சிரித்தார்கள். பதினெட்டு வயசுப் பெண். மன்னார்குடியிலிருந்து வந்து வருஷம் திரும்பவில்லை. அவளுக்குக் கல்லும் தெரியாது ஊசியும் தெரியாது, தன் புருஷன் செய்தது தப்பாக இருக்காது என்று மட்டும் தெரியும். அதை இன்றுவரைக்கும் வைத்திருக்கிறாள். பிள்ளை பிறந்து தங்கவில்லை, அதற்கு அழுதாள், தேறினாள். என்னைத் தண்டனையாகக் கோவில்பட்டிக்கும் அப்புறம் எங்கெங்கோவும் தூக்கியடித்தார்கள், ஆபீஸ் மின்கலத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று குற்றம்; மூட்டை கட்டினாள். எதற்கும் அசையவில்லை. இப்போது அந்த மீசைக்காரன் மெஷினோடு வருகிறான் என்றதும், இத்தனை வருஷமாகச் சொன்னது நிரூபணம் ஆகப்போகிறது என்று நெய்யை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். "ஆச்சி, வாசனை ஆளத் தூக்குது, நமக்கும் ஒரு வாய் உண்டா?" என்கிறான் பக்கிரி உள்பக்கம் பார்த்து. "ஒழுங்கா வழிச்சு விடு, வெட்டுக்காயம் பட்டுச்சு, சொஜ்ஜி இல்ல சூடுதான்" என்று குரல் வருகிறது. சந்தோஷமான குரல். கத்தி தொண்டைக்கு இறங்குகிறது. ஜில்லென்று.

கருவியைத் தோணியில் வைத்துச் சோதிக்க, வெள்ளைக்காரத் துரை எந்த நாள் சௌகரியம் என்று கேட்டான். நான்தான் சொன்னேன், விஜயதசமி. தொடங்கினால் ஜெயிக்கிற நாள். நாள் பார்த்தது நான். இதை யாரிடமும் மறைக்கவேண்டியதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. முதல் நாள் ஆயுத பூஜை. தந்திக்குப் பூஜை கிடையாது, சாயங்காலம் எனக்கு ஆபீஸ். அவள் தனியாக எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அடுக்கியிருக்கிறாள். அரிவாள்மணை, தராசு, என் புத்தகங்கள், நடுவில் பெட்டி. திரும்பி வந்தபோது சிவப்புப் பட்டு போர்த்தியிருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்டு இறக்கும்வரை தொடக்கூடாது. தொட்டால் என்ன ஆகிவிடும் என்று எனக்கும் தெரியாது, ஆனால் தொடவில்லை. வீட்டில் ஒருத்தி நம்பிக்கையோடு செய்ததை விரல்விட்டுக் கலைக்க மனசு வரவில்லை. அவள் பார்த்துப் பார்த்துப் பொட்டு வைத்திருந்தாள். அரிவாள்மணைக்குப் பலகையில். தராசுக்குத் தண்டில். பக்கிரிகூடத் தன் கத்திக்குப் பிடியில்தான் வைப்பான், வாயில் வைக்கமாட்டான்; அவன் அப்பன் அப்படி வைத்தான், அவன் பாட்டன் அப்படி வைத்தான். என் கருவிக்குப் பிடி எது, வாய் எது? அதற்கு அப்பனும் இல்லை பாட்டனும் இல்லை. உலகத்தில் அதற்கு முன்னால் யாரும் அதற்குப் பொட்டு வைத்ததில்லை. எங்கே வைப்பது என்று அந்தப் பெண் எவ்வளவு நேரம் யோசித்தாளோ. பெட்டி முழுக்கக் கம்பியும் மரமும். நடுவில் தாமரை வெட்டின சிமிழ். திறந்திருக்கிறாள். உள்ளே வெள்ளியாட்டம் மின்னுகிற கல். இதுதான் உயிர் என்று கண்டுகொண்டாள். சரியாகத்தானே கண்டுகொண்டாள்! ஊர்முழுக்க ஒருத்தனுக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் எடுத்து அந்தக் கல்மேல் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, மூடியைப் பத்திரமாகத் திருகி மூடியிருக்கிறாள்.

மறுநாள் மறுபூஜை போட்டு அவள் இறக்கிக் கொடுத்த பெட்டியைத் திறந்து பார்க்காமலே தோணியில் ஏற்றினேன். தோணி ஆடிக்கொண்டிருந்தது. நீராவிக் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. பேசிவைத்தபடி கப்பலின் தந்திக்காரன் அடிக்கத் தொடங்கியிருப்பான். துரை தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோணியை ஓட்டுகிற தண்டல் சுக்கானில் நின்று என்னையே பார்த்தான். தோணி அவனுடையது, கேட்டால் அவன் பிழைப்பான். ஹெட்போனை மாட்டினேன். ஒன்றும் இல்லை. காதில் என் ரத்தம் ஓடுகிற சத்தம். கம்பியைத் தொட்டுப் பார்த்தேன், ஏரியலை இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூடியைத் திருகினேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஊசி மூன்றும் அதில் குத்தி வளைந்து, குங்குமம் பூசிக்கொண்டு. அந்தக் கல் விரல் அழுக்குப் பட்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் கல். வாசனை வந்தது. கடல் காற்றில், மீன் வாடைக்கு நடுவில், பூஜையறை வாசனை. இப்போதும் நெய் வாசனைக்கு அடியில் அதுதான் வருகிறது எனக்கு, சனியன். மூடியை மறுபடி மூடினேன். துரை பார்க்கவில்லை. "யெஸ்?" என்றான். என் பெண்டாட்டி சந்தனம் வைத்துவிட்டாள் என்று அவனிடம் சொல்லவேண்டும். சொன்னால் சிரிப்பான். கிளப்பில் போய்ச் சொல்லுவான், விஞ்ஞானக் கருவிக்குப் பொட்டு வைக்கிற ஜாதி என்று; அவளைச் சொல்லுவான். இல்லை என்று தலையாட்டினேன். அவன் கடியாரத்தைப் பார்த்தான், கரையைப் பார்த்தான். அவ்வளவுதான். தண்டல் கீழே துப்பினான். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே, "என்ன ஆச்சு?" என்றாள். "நேரம் சரியில்லை" என்றேன். ஒருநாள் கழித்து, கோபம் தணிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது, சிரித்துக்கொண்டே சொல்லலாம், அசடே, சிமிழ் என்று நினைத்தாயா என்று. பத்தரிடம் வேறு கல் வைத்துக் கட்டி, மறுபடி துரையைக் கேட்கலாம். ஐப்பசி முழுக்க மனு எழுதினேன். அவளிடம் சொல்வதைத் தள்ளிப்போட்டேன். கார்த்திகையில் காற்று வந்தது.

அவள் தம்பி கோதண்டம் தோணியில் கணக்கு எழுதப் போயிருந்தான். மீசை அரும்பாத பயல். எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "மாமா, உங்க பெட்டி எங்க தோணியில வருமா? நான் காதுல மாட்டிக்கிட்டு வரேன்" என்பான். கொடிமரத்தில் கூண்டு ஏறியபோது தோணி போய்ச் சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை. பலகைகூட ஒதுங்கவில்லை. கடற்கரையில் அவள் உட்கார்ந்திருந்தாள், நான் நின்றிருந்தேன். அன்றைக்கு அவள் சொன்னாள், "அந்தப் பெட்டி மட்டும் இருந்திருந்தா, அந்தச் செவிட்டுப் பாவி மட்டும் ஒத்துக்கிட்டிருந்தா." அங்கேயே அந்த வார்த்தை என் தொண்டையில் கல்லாகிவிட்டது. ஒன்றும் ஆகியிருக்காது, எனக்குத் தெரியும். துரை சபாஷ் என்றிருந்தாலும், காகிதம் சென்னைக்குப் போய், சீமைக்குப் போய், ஒரு தோணியில் ஒரு பெட்டி ஏற இரண்டு வருஷம் ஆகியிருக்கும். கோதண்டம் எப்படியும் போயிருப்பான். இதை அவளிடம் சொல்லலாம், கேட்டுக்கொள்வாள், தலையாட்டுவாள், அப்புறம் கொல்லைக் கிணற்றில் போய் விழுவாள். விழமாட்டாள். விழாமல் இருந்துகொண்டே இருப்பாள், அது இன்னும் மோசம். தன் விரலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த மோதிர விரலை. "இந்தப் பக்கம் திரும்புங்க" என்கிறான் பக்கிரி. திரும்பினேன். சொல்லாமல் போனால் என்ன? யாருக்கு நஷ்டம்? ரேடியோவுக்குக் கண்ணாடிக் குழல் வந்துவிட்டது, கல்லை யாரும் சீந்துவதில்லை. டீக்கடையில் கையளவு பெட்டி நாள்பூராப் பாடுகிறது. பெட்டியைச் செல் அரித்தது. கம்பிச்சுருளை அவிழ்த்து அவரைப்பந்தல் கட்டியாயிற்று. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, அது வேலை செய்தது என்பது. ஆடினாலும் நழுவாது என்று நான் நினைத்தது சரி என்பது. அதைக்கூட வைத்துக்கொள்ளக்கூடாதா ஒருத்தன்? ஒரே ஒரு தடவை மெஷின்முன் உரக்கச் சொல்லிவிட்டுப் போனால் என்ன? தெருவெல்லாம் கேட்கும். அவள் கதவோரம் நின்று கேட்பாள். பட்டுப்புடவையில்.

"ரத்தம் வருதுய்யா, அசைஞ்சிட்டீங்க" என்று பக்கிரி படிகாரத்தை வைத்து அழுத்துகிறான். எரிகிறது. எரியட்டும். முடிவு செய்துவிட்டேன். எப்போது செய்தேன் என்று தெரியவில்லை, தாடையில் கத்தி ஓடும்போதோ என்னவோ. பொய். கருவி சரியில்லை என்று சொல்லிவிடுவேன். அவளுக்கு அதனால் என்ன குறைந்துபோகும்? புருஷன் அடக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை. என் வார்த்தை, என் கருவி, நான் உடைத்துக்கொள்கிறேன். உள்ளே கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு, ஏதோ அவளுக்குத் தானம் செய்கிறவன் மாதிரி. பக்கிரி முகத்தைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினான். எவனோ கிழவன். வாசலில் வண்டி நின்றது.

ஜெயசீலன் மெஷினைக் கூடத்தில் வைத்து, ஒயரை இழுத்து, மைக்கை என் வாய்க்கு நேரே நிறுத்தினான். சக்கரம் இரண்டும் சுற்றத் தொடங்கின. பிறந்த ஊர் கேட்டான், சொன்னேன். கல்லைப்பற்றிக் கேட்டான், ஊசியைப்பற்றிக் கேட்டான், சொன்னேன். "அன்னிக்கு துரை முன்னாடி அது ஏன் பேசலைங்கய்யா?" என்றான். "கருவி சரியில்லை" என்றேன். "நான் நினைத்தது தப்பு. அதற்கு அலையை வாங்குகிற சக்தி இல்லை. எப்போதும் இருந்ததில்லை." நன்றாகத்தான் சொன்னேன். அப்போது கதவோரத்திலிருந்து, "இல்லியே" என்றாள். சொஜ்ஜித் தட்டு கையில். "எப்பவும் இல்லேன்னு ஏன் சொல்றீங்க? நான் கேட்டேனே." ஜெயசீலன் கையைக் காட்டினான், அவள் பார்க்கவில்லை. "விஜயதசமிக்கு ரெண்டு நாள் முன்னால, கொல்லையில தென்னமரத்துல கம்பியக் கட்ட ஏறினீங்க. எங்காதுல மாட்டிவிட்டு, சத்தம் வந்தா கூப்புடுன்னீங்க. வந்துச்சே. கடுகு வெடிக்கிறாப்ல, விட்டு விட்டு, விட்டு விட்டு. கேக்குது கேக்குதுன்னு கத்தினேன், நீங்க பாதி மரத்துலேருந்து குதிச்சீங்க." நினைவு வந்தது. மொத்தமும் வந்தது. முழங்கால் சிராய்ந்தது, அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடிச் சிரித்தது, எனக்குத் தரமாட்டேன் என்று ஹெட்போனைப் பிடித்துக்கொண்டது. முதலில் கேட்டது நான் இல்லை. நாற்பது வருஷம் அந்தச் சிமிழையே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன், இது எங்கே போயிற்று? குழாயடியில் அவள் கத்தியது என்மேல் உள்ள நம்பிக்கையால் இல்லை. கேட்டிருக்கிறாள். சாட்சி. எனக்கிருந்த ஒரே சாட்சி. கேட்டது உண்மை என்றால் இரண்டு நாளில் அது ஏன் ஊமையாயிற்று என்பான் மீசைக்காரன், இதோ வாயைத் திறக்கிறான், "அப்படின்னா ஐயா, நடுவுல என்ன..." என்று. "அது ஒன்றுமில்லை" என்றேன். "அவளுக்கு அப்போது காதில் இரைச்சல் உண்டு. கர்ப்பமாயிருந்தாள்." செங்கமலம் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். யோசித்துப் பார்த்தாள், அப்படி இருக்குமோ என்று. நான் சொன்னால் அவளுக்கு அது அப்படித்தான். கை தானாக எழுந்து காது மடலைத் தொட்டது. "அப்படியா" என்றாள். தட்டை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் எதுவும் இல்லை. ஜெயசீலன் சக்கரத்தை நிறுத்திப் பின்னால் ஓட்டினான். "ஆச்சி குரல் குறுக்க விழுந்திடுச்சு ஐயா. அதை எடுத்திடறேன். துரை முன்னாடி ஏன் பேசலைங்கறதிலேருந்து இன்னொரு தடவை சொல்லிடுங்க." சக்கரம் சுற்றியது. இன்னொரு தடவை சொன்னேன். "சுத்தமா விழுந்திருக்கு" என்றான்.